மஞ்சள் தண்ணீர் ஊற்றிய சேவல்

என் மகள் என்ன வேலை பார்க்கிறாள் என்று யார் கேட்டாலும், கோழி ஆராய்ச்சி என்று மட்டும் சொல்வேன். மேற்கொண்டு கேட்டால் அடுப்பில் பால் இருக்கிறது என்று உள்ளே போய்விடுவேன். தெரியாமல் இல்லை. எட்டாம் வகுப்போடு நின்றுபோன எனக்கு விளங்கும்படி அவளே பக்கத்தில் உட்கார்ந்து சொல்லியிருக்கிறாள். தெரிந்து என்ன ஆயிற்று என்ற கசப்பில்தான் வாயை மூடிக்கொள்கிறேன்.

நாங்கள் இருப்பது அருப்புக்கோட்டையில். என் வீட்டுக்காரருக்கு நூல் மில்லில் வேலை. அவருடைய அப்பா காலம் வரைக்கும் திருச்சுழிப் பக்கம் அடுத்தவர் காட்டில் மல்லியும் மிளகாயும் எடுத்த குடும்பம். நான் நரிக்குடிப் பக்கத்திலிருந்து வாக்கப்பட்டு வந்தவள். எங்கள் பங்காளிகள் அத்தனை பேரிலும் காலேஜுக்கு மேலே ஒரு படிப்பு, அதற்கும் மேலே ஒரு படிப்பு என்று போனது என் மகள் ஒருத்திதான். வெளியூரில் ஒரு பெரிய ஆராய்ச்சி நிலையத்தில் அவளுக்கு இடம் கிடைக்க வேண்டும் என்று நான் வேண்டாத நாள் கிடையாது. கடைசியில் குலசாமி கோயிலுக்கே போய், கருப்பசாமி முன்னால் விழுந்து, "எம் மகளுக்கு அந்த எடம் கெடச்சுட்டா, அவ கையாலேயே ஒனக்கு ஒரு சேவக்கோழி தாரேன்" என்று வாய்விட்டுச் சொன்னேன். கிடைத்தது. ஒரு குஞ்சை வாங்கி, இது சாமிக்கு என்று நேர்ந்து, பின்கட்டில் விட்டு வளர்க்க ஆரம்பித்தேன்.

அது வளர்ந்து சேவலாகும்போது அவளுக்குக் கல்யாணம் கூடி வந்தது. மாப்பிள்ளை வீடு காரியாபட்டி. வைகாசியில் முகூர்த்தம். பெண்பிள்ளை கழுத்தில் தாலி ஏறிவிட்டால் அவளுக்குக் குலசாமி வேறு. பிறகு அவள் எங்கள் கோயிலுக்கு வரலாம், கும்பிடலாம். கோயிலுக்கு வரி கொடுக்கிற தலைக்கட்டுக் குடும்பங்கள் சேவல் கொடுக்கிற வரிசையில் நிற்க முடியாது. ஆகவே வருகிற மாசிக் களரியில், சிவராத்திரிக்குக் குலசாமி கோயிலில் பங்காளிகள் கூடிக் கும்பிடுகிற அந்தத் திருவிழாவில், அவள் கையால் சேவலைக் கொடுத்தாக வேண்டும். அதை விட்டால் என் வேண்டுதல் என்றைக்கும் தீராது. இதுதான் என் மனதில் ஓடிக்கொண்டே இருந்தது. நகை, மண்டபம் எல்லாம் எனக்கு அப்புறம்தான்.

அவள் வேலையைப் பற்றிச் சொன்னது, அந்தக் களரிக்கு முந்தின பொங்கல் லீவில் வந்திருந்தபோது. நான் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன்.

"முட்டைய அடைக்கு வச்சு மூணு நாள்கூட ஆகலன்னு வையி. உள்ள பாத்தா சின்னதா ஒரு உயிரு இருக்கும்மா. ரத்தம் ஓட ஆரம்பிச்சிருக்கும். அந்த ரத்தத்தோட சில அணுக்கள் சுத்திக்கிட்டு வரும். பின்னாடி அது கோழியானா முட்டைக்கும், சேவலானா விந்துக்கும் மூலம் அதுகதான்."

"இன்னும் கண்ணே தொறக்கல. அதுக்குள்ள பேரன் பேத்திக்கு ஏற்பாடா?"

அவள் சிரித்துவிட்டாள். "ஆமா. அதுக மொதல்ல தலைப் பக்கந்தான் இருக்கும். ரத்தத்துல ஏறி, போய்ச் சேர வேண்டிய எடத்துக்குத் தானா போயிரும். நாங்க அதுகள ஊசியில எடுத்து, தட்டுல வளத்து, வேற ஒரு உயிரோட ஜீன் ஒண்ண அதுக்குள்ள சேப்போம். அப்புறம் இன்னொரு முட்டையில இருக்குற கருவோட ரத்தத்துல விட்ருவோம். அங்கயும் அதுக வழி கண்டுபிடிச்சுப் போய் உக்காந்துக்கிரும்."

"பொறக்குற குஞ்சு எப்படி இருக்கும்? ரெண்டு தலையோடயா?"

"போம்மா. அது எப்பவும் போலத்தான் இருக்கும். பாத்து ஒண்ணும் கண்டுபிடிக்க முடியாது. அது வளந்து, அதுக்குப் பொறக்குற குஞ்சுல சிலதுலதான் நாங்க சேத்தது வரும்."

எதற்கு இந்தப் பாடு என்று கேட்டேன். ஒரு மருந்துக்கு வேண்டிய சத்தை முட்டையின் வெள்ளைக்கருவிலேயே உண்டாக்கப் பார்க்கிறார்களாம். அது கூடிவந்தால் நோயாளிகளுக்கு மருந்து மலிவாகக் கிடைக்குமாம். சேர்த்த ஜீன் சரியாகப் போய்ச் சேர்ந்ததா என்று தெரிந்துகொள்ள, கடலில் மிதக்கிற சொறிமீனின் ஜீன் ஒன்றையும் அடையாளத்துக்குக் கூட வைப்பார்களாம். அது வந்த குஞ்சு, நீல வெளிச்சத்தில் பச்சையாக ஒளிருமாம். போனில் காட்டினாள். கையளவு குஞ்சு ஒன்று, வேப்பங்கொழுந்து நிறத்தில் மினுங்கியது. எனக்கு முதலில் பயமாகத்தான் இருந்தது. பிறகு யோசித்தேன். எங்கேயோ உண்டான அணு, முன்பின் தெரியாத உடம்புக்குள் போய், தன் இடம் இதுதான் என்று உட்கார்ந்துகொள்கிறது. நரிக்குடியிலிருந்து பஸ் ஏறி இந்த வீட்டுக்குள் வந்த நான் மட்டும் வேறென்ன செய்தேன்? வயிறு என்னுடையது, வம்சம் இவர்களுடையது என்றுதானே இங்கே சொல்கிறார்கள். சாமி படைத்த வழியில்தான் அதுவும் போகிறது என்று எனக்குப் பட்டது. பூஜையறையில் போய் அவள் பேரைச் சொல்லிக் கும்பிட்டுவிட்டு வந்தேன்.

அந்தக் குஞ்சுப் படத்தை என் வீட்டுக்காரர் தன் போனுக்கு அனுப்பச் சொல்லி வாங்கி, மில்லில் எல்லாரிடமும் காட்டினார். பெருமை. அத்தோடு விட்டிருக்கலாம். ஒரு காதுகுத்து விருந்தில் அவருடைய பெரியப்பா மகனிடமும் காட்டினார்.

இவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பங்காளிகளில் மூத்தவர், கோயிலுக்குப் பெரியவர். நான் அவரை மச்சான் என்று கூப்பிடுவேன். பாலவனத்தம் பக்கம் பிராய்லர் ஷெட்டு போட்டிருக்கிறார், அருப்புக்கோட்டையில் கறிக்கடை வைத்திருக்கிறார். கம்பெனி வண்டியில் குஞ்சு வந்து இறங்கும், நடக்க முடியாத கனத்தில் கோழியாகி லோடு ஏறும். படத்தைப் பார்த்ததும் அன்றைக்கே மகளுக்குப் போன் போட்டுவிட்டார். அவள் இன்னும் லீவில் வீட்டில்தான் இருந்தாள்; ஸ்பீக்கரில் போட்டதால் நானும் கேட்டேன்.

"ஏம் பாப்பா, ஒங்க லேபுல மாத்துன குஞ்சு பத்து இருபது பெரியப்பனுக்குக் குடேன். தீவனம் கம்மியாத் திங்கணும், வெயிட்டு ஏறணும்."

"பெரியப்பா, அது கறிக்கு இல்ல. அங்கருந்து ஒண்ணும் வெளிய வராது. செத்தாக்கூட அங்கயே எரிச்சுருவாக."

"பெத்த அப்பன் மாதிரி கேக்குறேன், சட்டம் பேசுறியே தாயி. அப்ப அம்புட்டுப் படிப்பும் என்னத்துக்கு?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் போனை அவர்தான் முதலில் வைத்தார்.

களரிக்கு மகள் சிவராத்திரி அன்று காலையில் வந்தாள். பெரிய அட்டைப்பெட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸைவிட்டு இறங்கினாள். உள்ளே சாமிக்கு வேட்டி, எனக்குச் சேலை, மச்சானுக்குச் சட்டை, சொந்தக்காரர்களுக்கு இனிப்பு. பெட்டி அவளுடைய நிலையத்தில் தீவனமோ மருந்தோ வந்த பெட்டி. மேலே கோழிப் படம் போட்டிருந்தது, பக்கத்தில் காற்றோட்டத்துக்கு ஓட்டை இருந்தது. பஸ் ஸ்டாண்டில் அதை மச்சானின் கறிக்கடை ஆள் ஒருவன் பார்த்திருக்கிறான். சாயங்காலத்துக்குள் எங்கள் பங்காளி வீடுகள் எல்லாவற்றிலும், அவள் லேபிலிருந்து ஒரு சேவலைப் பெட்டியில் போட்டுக் கொண்டுவந்திருக்கிறாள் என்று பேச்சாகிவிட்டது. எனக்கு மட்டும் தெரியாது. சேவலின் காலைக் கழுவிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் பகலில் கோயிலில் கூடினோம். திருச்சுழிக்குப் போகிற வழியில் இறங்கி, கருவேலங்காட்டுக்குள் நடந்தால் கோயில் வரும். வெயிலுக்குத் தகரக் கொட்டகை போட்டிருந்தார்கள். தலைக்கட்டு வாரியாக ஆடும் சேவலும் நின்றன. எங்கள் வழக்கம் இது: கொடுக்கிற உயிரை வெட்டுவதற்கு முன் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவோம். அது உடம்பைச் சிலுப்பித் துலுக்க வேண்டும். துலுக்கிவிட்டால் சாமி வாங்கிக்கொண்டது என்று அர்த்தம். துலுக்காவிட்டால் அந்த வீட்டில் ஏதோ குறை இருக்கிறது. எத்தனை நேரமானாலும் காத்துக் கிடப்பார்கள். ஒரு தடவை ஒரு கிடாய் துலுக்காமல் நின்றதற்கு அண்ணன் தம்பி இரண்டு பேர் அங்கேயே அழுது சமாதானமானதை நான் பார்த்திருக்கிறேன்.

நான் வீட்டில் அரைத்த மஞ்சள். கொஞ்சம் கெட்டியாகவே கரைத்திருந்தேன். மகள் சேவலை இரண்டு கையாலும் ஏந்தி நின்றாள். நான் தலையிலிருந்து வால்வரை ஊற்றினேன். செவலைச் சேவல், கழுத்து மட்டும் வெள்ளை. அந்த வெள்ளை அப்படியே மஞ்சளாயிற்று. ஒரு மூச்சு விடுவதற்குள் உடம்பு பூராவும் சிலுப்பி, எங்கள் முகத்தில் எல்லாம் தண்ணீர் தெறிக்கத் துலுக்கியது. பெண்கள் குலவை போட்டார்கள். பூசாரி, "ஆத்தா, வாங்கிக்கிட்டாரு" என்று கையை நீட்டினார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"நிப்பாட்டுங்க."

மச்சான். கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து சேவலுக்கும் பூசாரிக்கும் நடுவில் நின்றார்.

"இது எந்த ஊருச் சேவலு?"

"நான் வளத்தது மச்சான். எங்க பின்கட்டுல வந்து பாத்திருக்கீகளே."

"பாத்தது வேற, வந்தது வேறயா இருக்கும். நேத்து பொட்டியில என்ன வந்துச்சு? கடல்ல கெடக்குற பூச்சியக் கோழிக்குள்ள ஏத்துறாக. அதச் சாமிக்கு வெட்டுனா வம்சம் என்னத்துக்காகும்?"

"பொட்டியில வந்தது ஒங்களுக்கு எடுத்த சட்டையும் இனிப்பும் பெரியப்பா" என்றாள் மகள்.

"அப்ப பாத்துருவோம்" என்று அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன விளக்கை எடுத்தார். கறிக்கடைக் கல்லாவில் கள்ளநோட்டு பார்ப்பதற்கு வைத்திருக்கிற ஊதா லைட்டு. கோயிலுக்கு யாராவது அதைக் கொண்டு வருவார்களா? முன்கூட்டியே நினைத்துத்தான் எடுத்து வந்திருக்கிறார் என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை. பாத்திரம் வைக்கிற இருட்டறைக்குள் எங்களையும் சேவலையும் கூட்டிப்போய் ஆள் நுழைகிற மட்டும் நுழைந்து கதவைச் சாத்தினார்கள். மச்சான் லைட்டை அடித்தார்.

சேவல் கழுத்து பளிச்சென்று ஒளிர்ந்தது. பச்சையும் மஞ்சளும் கலந்த ஒரு நிறம். படத்தில் பார்த்த குஞ்சு மாதிரியே. பின்னால் ஒரு பெண், "ஆத்தி!" என்று கத்தினாள்.

மகளுக்கு உடனே விளங்கிவிட்டது. "அது மஞ்சள்! மஞ்சப்பொடி இந்த லைட்டுல அப்படித்தான் ஒளிரும். எங்க அம்மா கையப் பாருங்க" என்று என் கையைப் பிடித்து விளக்குக்கு நேரே நீட்டினாள். மணிக்கட்டு வரைக்கும் மஞ்சள் ஊறிய என் கை, சேவலைப் போலவே ஒளிர்ந்தது.

மச்சான் சொன்னார், "ஆத்தாளுக்கும் ஒட்டிக்கிருச்சுடா."

நாலைந்து பேர் சிரித்தார்கள். பாதிப் பேர் சிரிக்கவில்லை; நிஜமாகவே பின்னால் நகர்ந்தார்கள். அதைத்தான் என்னால் இன்றைக்கும் தாங்க முடியவில்லை. கிண்டல் செய்தவர்களைவிட, நம்பி விலகினார்களே, அவர்கள்.

மகள் விடவில்லை. "லேபுல ஊசி போட்ட சேவலா இருந்தாக்கூட அது ஒளிராது பெரியப்பா, அதோட குஞ்சுதான் ஒளிரும். சரி, வெளிய மஞ்சத்தண்ணி ஊத்துன சேவல் இன்னும் எத்தனை நிக்குது, ஒங்க சேவலக் கொண்டாங்க. அடிச்சுப் பாப்போம்."

"சாமிக்கு நேந்தத சோதிக்கச் சொல்றியா? நாக்கு அழுகிரும்."

"இதுவும் சாமிக்கு நேந்ததுதான மச்சான்!" என்று நான் கத்தினேன். கூட்டத்தில் குரல் உயர்த்தியது என் வாழ்நாளில் அன்றைக்குத்தான். "துலுக்கிருச்சே. எல்லாரும் பாத்தீகளே. அவரே வாங்கிக்கிட்டாரு. நடுவுல நீங்க யாரு?"

பூசாரியைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தார். என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் துண்டைத் தோளிலிருந்து எடுத்து மறுபடியும் தோளிலேயே போட்டுக்கொண்டார்.

மச்சான் குரலைத் தணித்து அவரிடம் மட்டும் பேசினார். "ஒன் வரிய யாரும் வேணாங்கல தம்பி. தலைக்கட்ட விட்டுக்குடுப்பமா? எங்கிட்ட சுத்தமான நாட்டுச் சேவலு ரெண்டு கட்டிக் கெடக்கு. ஒண்ண வாங்கி ஒன் கையால குடு. பாப்பா தொட வேணாம். அம்புட்டுத்தான்."

என் வீட்டுக்காரர் போனார். கொட்டகைக் காலில் கட்டிக்கிடந்த அந்தச் சேவலை அவிழ்த்து வந்தார். அதற்கு வேறு யாரோ மஞ்சள் தண்ணீர் ஊற்றினார்கள். அதுவும் துலுக்கியது. எந்தக் கோழியும் தலையில் தண்ணீர் ஊற்றினால் சிலுப்பத்தான் செய்யும் என்று எனக்கு அப்போது ஒரு எண்ணம் வந்தது. வந்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். ஆனால் வந்துவிட்டதே, வந்த எண்ணத்தைத் திருப்பி அனுப்ப முடியவில்லை. பிராய்லர் ஷெட்டில் ஊசியும் மருந்துமாக வளர்க்கிறவருடைய சேவல், என் மகள் பேரைச் சொல்லி வெட்டப்பட்டது. மகள் தூரத்தில், கருவேல நிழலில், எங்கள் சேவலை அணைத்துக்கொண்டு நின்றாள். அவள் சேலையெல்லாம் மஞ்சள்.

பந்தி போட்டார்கள். நாங்கள் இரண்டு பேரும் சாப்பிடவில்லை. என் வீட்டுக்காரர் உட்கார்ந்து சாப்பிட்டார்.

பஸ்ஸில் வரும்போது அவரிடம் கேட்டேன். "ஒரு வார்த்தை பேசியிருக்கலாம்ல?"

"பேசி? வைகாசியில கல்யாணத்த வச்சுக்கிட்டு பங்காளியப் பகைக்கச் சொல்றியா? நாளைக்கு ஒண்ணுன்னா தூக்குறதுக்கு நாலு ஆளு வேணும்ல."

"சாகும்போது தூக்க ஆளு வேணும்னு, இருக்குற பிள்ளைய எறக்கிவிட்டுட்டீக."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவரும் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

மகள் அருப்புக்கோட்டையில் இறங்கி வீடு வந்து, குளித்து, துணியைத் துவைத்துக் காயப்போட்டாள். ராத்திரிச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டபோதுதான் சொன்னாள்: "அம்மா, அவுக ஏசுனது எனக்குப் பெருசில்ல. லேபுல ஒரு முட்டைய எடுக்குறப்பக்கூட நான் மனசுக்குள்ள கருப்பசாமின்னு சொல்லிட்டுத்தான் எடுப்பேன். நீ சொல்லிக்குடுத்தது. இனிமே எனக்கு அது வராது."

அவள் தட்டில் சோற்றைப் போட்டேன்.

அந்தச் சேவல் எங்கள் வீட்டிலேயே இருந்தது. சாமிக்கு நேர்ந்ததை விற்கக் கூடாது, சமைக்கக் கூடாது. சாமியிடம் சேரவும் விடவில்லை. பக்கத்து வீட்டுப் பெண் தன் கோழிகளை எங்கள் பின்கட்டுப் பக்கம் விடாமல் வலை கட்டினாள். "பிள்ளைக சாப்புடுற முட்டைக்கா, அதான்" என்றாள். கோபமாகக்கூட இல்லை. நல்லவிதமாகத்தான் சொன்னாள். கார்த்திகை மழையில் ஒரு நாள் காலையில் அது கூடையடியில் செத்துக் கிடந்தது. வேப்பமரத்தடியில் நானே குழி வெட்டிப் புதைத்தேன்.

அதற்கு முன்பே வைகாசியில் கல்யாணம் நடந்து முடிந்திருந்தது. முதல் பத்திரிகையைக் குலசாமிக்கு வைக்க வேண்டும் என்று மகளைக் கூப்பிட்டேன். அவள் லீவு இல்லை என்றாள். இருந்தது என்று எனக்குத் தெரியும். மச்சான்தான் முன்னால் நின்று மாப்பிள்ளை வீட்டாரை வரவேற்றார். "எங்க பாப்பா பெரிய சயின்டிஸ்ட்டு" என்று அவர்களிடம் சொன்னதை என் காதாலேயே கேட்டேன்.

நான் இப்போதும் வெள்ளி செவ்வாய் தவறாமல் விளக்கேற்றுகிறேன். அடுத்த களரிக்கும் போனேன். மஞ்சள் கரைத்தேன், குலவை போட்டேன். ஆனால் சன்னதியில் நின்றால் முன்பு போலப் பேச்சு வருவதில்லை. நீ வாங்கிக்கொண்டாயா இல்லையா என்ற ஒரு கேள்விதான் வருகிறது. வாங்கிக்கொண்டாய் என்றால், அவர்களை ஏன் தடுக்கவில்லை? வாங்கிக்கொள்ளவில்லை என்றால், என் மகள் செய்த பாவம் என்ன? கேட்டால் குறையாகிவிடுமோ என்று கேட்காமல் விபூதியை வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறேன்.

போன வாரம் மகள் போன் செய்தாள். அவளுக்கு இப்போது ஐந்தாம் மாதம். வேலைக்கும் போய்க்கொண்டுதான் இருக்கிறாள்.

"அம்மா, எங்க மாமியா ஒண்ணு சொல்றாக. பிள்ளை நல்லபடியாப் பொறந்தா, என் கையால கிடாய் தாரேன்னு அவுக குலசாமிக்கு நேந்துக்கிறச் சொல்றாக. நல்ல மனசோடதான் சொல்றாக. நான் என்ன செய்ய?"

நேர்த்திக்கடன் வேண்டாம் என்று ஒரு பிள்ளையிடம் சொல்கிற நாள் எனக்கு வரும் என்று நான் நினைத்ததில்லை. போனைக் காதில் வைத்தபடி பூஜையறைக்கு வெளியே வந்து கதவைச் சாத்தினேன்.

"கும்பிடு தாயி" என்றேன். "நல்லாக் கையெடுத்துக் கும்பிடு. அவுக பொங்க வச்சா நீயும் வையி. ஆனா இதத் தாரேன்னு மட்டும் வாயத் தொறந்து சொல்லிராத."

"ஏம்மா?"

"அவரு வாங்கிக்கிருவாரு. குடுக்க விடமாட்டாக."